பயன்படுத்தாத புரோகிராம் எது? கண்டுபிடிக்கும் வழிகளும் நான் செய்த தவறும்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய ஒரு வருடத்திற்குள் பெரும்பாலானோர் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "வாங்கியபோது வேகமாக இருந்தது. இப்போது மெதுவாகிவிட்டது. சி டிரைவ் வேறு சிவப்பாகக் காட்டுகிறது. வேண்டாத புரோகிராம்களை எடுத்துவிடலாமா?" என்பதுதான் அது. எடுக்கலாம். ஆனால் எது வேண்டாதது என்று எப்படித் தெரிந்துகொள்வது? அதற்கு விண்டோஸிலேயே சில வழிகள் இருக்கின்றன. அந்த வழிகளை இங்கே பார்க்கலாம். கூடவே, அவற்றை அப்படியே நம்பி நான் மாட்டிக்கொண்ட கதையையும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் அதே தவறைச் செய்யாமல் இருக்க அது உதவும்.

நான் சென்னையில் சாப்ட்வேர் இன்ஜினியராக வேலை பார்க்கிறேன். சொந்த ஊர் பழனி மலையில் தாண்டிக்குடி. கொடைக்கானல் தாலுகா. வத்தலக்குண்டிலிருந்து மலை ஏறி வரவேண்டும். காபி வாரியத்தின் ஆராய்ச்சி நிலையம் இருக்கும் ஊர் என்றால் சிலருக்குத் தெரிந்திருக்கும். எங்கள் சித்தப்பாவுக்கு அங்கே சிறிய காபித் தோட்டம் இருக்கிறது. காபியோடு மிளகும் உண்டு. ஒரு மே மாத விடுமுறையில் ஊருக்குப் போனபோது அவருடைய லேப்டாப்பை என் கையில் கொடுத்தார். "தம்பி, இது ஆமை மாதிரி நகருது. நீதான் இன்ஜினியர் ஆச்சே, சுத்தம் பண்ணிக் கொடு" என்றார்.

அன்று நான் செய்தவற்றை வரிசையாகச் சொல்கிறேன். நீங்களும் உங்கள் கம்ப்யூட்டரில் செய்து பார்க்கலாம்.

முதல் வழி: விண்டோஸ் தரும் பட்டியல்

விண்டோஸ் 11 வைத்திருப்பவர்கள் செட்டிங்ஸ் திறந்து, சிஸ்டம் பிரிவில் ஸ்டோரேஜ் என்பதில் கிளிக் செய்யுங்கள். அதில் 'கிளீன்அப் ரெக்கமண்டேஷன்ஸ்' என்று ஒரு வரி இருக்கும். அதைத் திறந்தால் தற்காலிக பைல்கள், பெரிய பைல்கள் ஆகியவற்றோடு 'அன்யூஸ்டு ஆப்ஸ்', அதாவது நீண்ட நாட்களாகத் திறக்கப்படாத புரோகிராம்கள் என்ற பட்டியலும் கிடைக்கும்.

இன்னொரு இடமும் உண்டு. செட்டிங்ஸில் ஆப்ஸ், பிறகு 'இன்ஸ்டால்டு ஆப்ஸ்' என்று செல்லுங்கள். விண்டோஸ் 10 எனில் 'ஆப்ஸ் அண்ட் பீச்சர்ஸ்' என்று இருக்கும். இங்கே புரோகிராம்களைப் பெயர், அளவு, இன்ஸ்டால் செய்த தேதி என மூன்று வகையில் வரிசைப்படுத்தலாம். முதலில் அளவின்படி வரிசைப்படுத்துங்கள். இடத்தை அடைத்துக்கொண்டிருப்பது யார் என்று உடனே தெரிந்துவிடும். இதை ஏன் முதலில் செய்ய வேண்டும் என்பது கதையின் முடிவில் உங்களுக்குப் புரியும்.

பழைய விண்டோஸ் பயன்படுத்தியவர்களுக்கு ஒன்று நினைவிருக்கலாம். 2000-ல் வந்த விண்டோஸ் 2000, 2001-ல் வந்த எக்ஸ்பி இரண்டிலும் 'ஆட் ஆர் ரிமூவ் புரோகிராம்ஸ்' விண்டோவில் ஒவ்வொரு புரோகிராமையும் தேர்ந்தெடுத்தால், அதை 'அடிக்கடி', 'எப்போதாவது', 'அபூர்வமாக' பயன்படுத்துகிறீர்கள் என்று ஆங்கிலத்தில் ஒரு வரி காட்டும். பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அந்தக் கணக்கு கடந்த 30 நாட்களுக்கானது. தவிர, எந்த புரோகிராமுக்கு எந்த இயக்க பைல் சொந்தம் என்பதைப் பெயர்களை ஒப்பிட்டு விண்டோஸ் ஊகித்துக்கொள்ளும். ஊகம் தவறினால் தினமும் திறக்கும் புரோகிராமுக்குக்கூட 'அபூர்வமாக' என்று காட்டிவிடும்.

இரண்டாம் வழி: பிரீபெட்ச் போல்டர்

இது கொஞ்சம் நம்பகமானது. ஒரு புரோகிராமைத் திறக்கும்போது, அடுத்த முறை அதை விரைவாகத் திறப்பதற்காக விண்டோஸ் ஒரு சிறு குறிப்பு பைலை எழுதி வைத்துக்கொள்ளும். எக்ஸ்பி காலத்திலிருந்தே இந்த ஏற்பாடு இருக்கிறது. சி டிரைவில் விண்டோஸ் போல்டரைத் திறந்து, அதனுள் 'பிரீபெட்ச்' என்ற போல்டரில் கிளிக் செய்யுங்கள். அனுமதி கேட்டால் 'கன்டினியூ' கொடுங்கள். புரோகிராம்களின் பெயரில் நிறைய பைல்கள் தெரியும். அவற்றை 'டேட் மாடிபைடு' தேதியின்படி வரிசைப்படுத்தினால், ஒவ்வொரு புரோகிராமும் கடைசியாக எப்போது ஓடியது என்று ஏறக்குறைய தெரிந்துவிடும்.

இதில் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். இந்த போல்டரில் பார்க்க மட்டும் செய்யுங்கள், எதையும் அழிக்காதீர்கள். இரண்டாவது, இங்கே குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு மேல் பைல்கள் சேராது. எக்ஸ்பியில் 128, விண்டோஸ் 8 முதல் 1024. அதைத் தாண்டினால் பழைய குறிப்புகள் நீக்கப்படும். எனவே ஒரு புரோகிராமின் பெயர் இங்கே இல்லை என்பதால் அது ஒருமுறைகூட ஓடியதில்லை என்று முடிவு செய்யக்கூடாது.

மூன்றாம் வழி: டாஸ்க் மேனேஜர்

கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்று கீகளையும் ஒன்றாக அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் 'ஆப் ஹிஸ்டரி' என்ற பகுதி உண்டு. எந்த தேதியிலிருந்து கணக்கு என்பது மேலே எழுதியிருக்கும். அந்த நாட்களில் ஒவ்வொரு புரோகிராமும் பிராசசரை எவ்வளவு நேரம் பயன்படுத்தியது என்று காட்டும். எல்லா புரோகிராம்களும் தெரிய வேண்டுமானால், டாஸ்க் மேனேஜரின் செட்டிங்ஸில் எல்லாவற்றிற்கும் ஹிஸ்டரி காட்டும்படி டிக் செய்ய வேண்டும்.

ஒரு பைலின் பிராப்பர்டீஸ் விண்டோவில் தெரியும் 'ஆக்சஸ்டு' தேதியைப் பார்த்தால் போதாதா என்று சிலர் கேட்பார்கள். போதாது. வேகத்திற்காக விண்டோஸ் விஸ்டாவிலேயே இந்தத் தேதியைப் புதுப்பிப்பது நிறுத்தி வைக்கப்பட்டது. தவிர, ஆன்ட்டி வைரஸ் புரோகிராம் பைலைத் தொட்டாலும் இந்தத் தேதி மாறக்கூடும். நீங்கள் திறந்ததற்கு இது சாட்சி ஆகாது.

நான் செய்த தவறு

மேலே சொன்ன வழிகளில் சித்தப்பாவின் லேப்டாப்பை ஆராய்ந்தேன். பட்டியலில் தோட்டக் கணக்கு புரோகிராம் ஒன்று இருந்தது. விஷுவல் பேசிக்கில், பல வருடங்களுக்கு முன் ஒரு கல்லூரி மாணவர் எழுதிக் கொடுத்தது. பழைய டெஸ்க்டாப்பிலிருந்து இந்த லேப்டாப்புக்குக் கடைக்காரர் மாற்றிக் கொடுத்திருந்தார். பிரீபெட்ச் போல்டரில் அதன் தேதி பிப்ரவரி என்று இருந்தது. நடப்பது மே மாதம். மூன்று மாதமாக யாரும் தொடவில்லை. "வேண்டாதது" என்று முடிவு செய்தேன். சித்தப்பா தோட்டத்தில் இருந்தார், கேட்கவில்லை. அன்இன்ஸ்டால் செய்தேன். அதோடு விட்டேனா? புரோகிராம் பைல்ஸ் பிரிவில் அதன் போல்டர் மட்டும் மிச்சம் இருந்தது. குப்பை என்று நினைத்து ஷிப்ட் டெலீட் கொடுத்து அதையும் அழித்தேன். இன்னும் சில புரோகிராம்களையும் எடுத்தேன். லேப்டாப் வேகமாகிவிட்டது. சித்தப்பாவுக்கும் சந்தோஷம்.

டிசம்பரில் போன் வந்தது. "தம்பி, பறிப்புக் கணக்கு எங்கடா?"

காபிப் பழம் பறிப்பது வருடத்தில் சில மாதங்கள் மட்டும்தான். யார் எத்தனை கிலோ பறித்தார்கள், என்ன கூலி, யார் எவ்வளவு முன்பணம் வாங்கினார்கள், அதில் எவ்வளவு கழித்தாகிவிட்டது என்பதெல்லாம் அந்த புரோகிராமில்தான் இருந்தன. பிப்ரவரியில் பறிப்பு முடிந்ததும் மூடிவைத்துவிட்டு, அடுத்த பறிப்புக்குத்தான் சித்தப்பா அதைத் திறப்பார். கம்ப்யூட்டரில் இருக்கிறதே என்று நோட்டில் எழுதுவதை எப்போதோ விட்டுவிட்டார்.

அடுத்த பஸ் பிடித்து ஊருக்குப் போனேன். சனிக்கிழமை, கூலி கொடுக்கும் நாள். போன பருவத்தின் முன்பண பாக்கி யாருக்கு எவ்வளவு என்று தெரியாததால், சித்தப்பா ஒவ்வொருவரையும் கேட்டு, அவர்கள் சொன்னதை ஒரு தாளில் எழுதிக்கொண்டிருந்தார். பல வருடங்களாக வரும் ஒரு அக்கா தன் பாக்கி 2,000 ரூபாய் என்றார். சித்திக்கு 4,000 கொடுத்த நினைவு. "நாலு இல்லையாம்மா?" என்று சித்தி கேட்டார். "நான் ஏங்க்கா குறைச்சுச் சொல்லப்போறேன்?" என்றார் அவர். அதற்கு மேல் யாரும் பேசவில்லை. சித்தப்பா 2,000 என்றே எழுதிக்கொண்டார். ஆனால் அந்த அக்கா கூலியை வாங்கிக்கொண்டு யாருடனும் பேசாமல் போனார். நான் அழித்தது ஒரு சிறிய பைல். அதனால் வந்த சங்கடம் அந்தத் திண்ணையில் இருந்த எல்லோர் முகத்திலும் தெரிந்தது.

அன்றிரவு பைலை மீட்க முயன்றேன். ஷிப்ட் டெலீட் கொடுத்ததால் ரீசைக்கிள் பின்னில் இல்லை. அழித்த பைலை மீட்டுத்தரும் புரோகிராம்களை ஓட்டியும் பயனில்லை. பழைய ஹார்ட் டிஸ்க்காக இருந்தால் கொஞ்சம் வாய்ப்பு உண்டு. இப்போது வரும் எஸ்எஸ்டி டிரைவ்களில் அழித்த பைலின் இடத்தை 'டிரிம்' என்ற ஏற்பாடு விரைவிலேயே காலி செய்துவிடுவதால், மீட்பது மிகவும் கடினம்.

இனி புதிதாகத்தான் ஆரம்பிக்க வேண்டும் என்று, கடைக்காரர் பென் டிரைவில் விட்டுப்போயிருந்த செட்டப் பைலை ஓட்டி புரோகிராமை மறுபடி இன்ஸ்டால் செய்தேன். திறந்தால் எல்லாப் பெயர்களும் இருந்தன! பிப்ரவரி வரை எழுதிய கணக்கு ஒரு வரி குறையாமல் வந்து நின்றது.

அழித்த பைல் எப்படித் திரும்பியது?

இதில் என் திறமை எதுவும் இல்லை. விண்டோஸ் விஸ்டாவிலிருந்து, சாதாரணமாக ஓடும் புரோகிராம்கள் 'புரோகிராம் பைல்ஸ்' போல்டருக்குள் எழுதக்கூடாது என்று ஒரு பாதுகாப்பு விதி வந்தது. அதற்கு முந்தைய காலத்துப் புரோகிராம்களுக்கு இந்த விதி தெரியாது. அவை பழக்கப்படி அங்கேயே எழுதப் பார்க்கும். அவை தடுமாறி நிற்காமல் இருக்க, விண்டோஸ் சத்தமில்லாமல் அந்தப் பைலை வேறு இடத்தில் எழுதி வைத்துவிடும். அந்த இடத்தின் பெயர் 'வர்ச்சுவல் ஸ்டோர்'. சி டிரைவில் யூசர்ஸ், உங்கள் பெயர், ஆப்டேட்டா, லோக்கல், வர்ச்சுவல் ஸ்டோர் என்று வரிசையாகச் சென்றால் அதைப் பார்க்கலாம். ஆப்டேட்டா மறைந்திருக்கும் போல்டர் என்பதால், வியூ மெனுவில் 'ஹிட்டன் ஐட்டம்ஸ்' காட்டும்படி செய்துகொள்ள வேண்டும்.

நான் அழித்தது, கடைக்காரர் போட்டுக்கொடுத்த நாளோடு நின்றுபோன பழைய பிரதி. உண்மையான கணக்கு வர்ச்சுவல் ஸ்டோரில் பத்திரமாக இருந்தது. அந்த போல்டர் என் கண்ணில் பட்டிருந்தால் அதையும் குப்பை என்று அழித்திருப்பேன் என்பதுதான் உண்மை.

அந்த அக்காவின் கணக்கைப் பார்த்தோம். வாங்கியது 4,000. கடைசி இரண்டு வாரக் கூலியில் கழித்தது 2,000. பாக்கி 2,000. அவர் சொன்னது சரி. மறுநாள் காலை சித்தி தானே அவர் வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். நானும் கூடப் போனேன். மன்னிப்புக் கேட்க வேண்டியவன் நான்தானே.

சித்தப்பா திட்டவில்லை. ஒன்று மட்டும் கேட்டார். "பன்னெண்டு வருஷமா பூக்கலைன்னு குறிஞ்சியையும் புடுங்கிடுவியாடா?" எங்கள் மலையில் நீலக்குறிஞ்சி 2006-ல் பூத்தது, அடுத்து 2018-ல் பூத்தது. இடையில் எந்த 30 நாளை எடுத்துக் கணக்குப் பார்த்தாலும் அது வெறும் புதர்தான்.

பிரீபெட்ச் தேதி பொய் சொல்லவில்லை. பிப்ரவரிக்குப் பிறகு யாரும் திறக்கவில்லை என்பது நிஜம். எத்தனை நாளாகத் திறக்கவில்லை என்பதைக் கம்ப்யூட்டரால் சொல்ல முடியும். தேவையா இல்லையா என்பதை அதைப் பயன்படுத்துகிறவர்தான் சொல்ல முடியும். நான் அவரைக் கேட்கவில்லை.

நீக்குவதற்கு முன் இவற்றைச் செய்யுங்கள்

1. மேலே சொன்ன மூன்று வழிகளிலும் கிடைத்த பெயர்களை ஒரு தாளில் எழுதுங்கள். எதிரே 'தினம்', 'மாதம்', 'வருடம்', 'யாருக்கும் தெரியாது' என நான்கு கட்டம் போடுங்கள். வீட்டில் அந்தக் கம்ப்யூட்டரைத் தொடும் எல்லோரையும் கேட்டு நிரப்புங்கள்.

2. வருடத்திற்கு ஒருமுறை மட்டும் தேவைப்படுபவை நிறைய உண்டு. வருமான வரி தொடர்பான புரோகிராம், டிஜிட்டல் கையெழுத்து டோக்கனுக்கான டிரைவர், ஸ்கேனர் புரோகிராம், ஸ்கேன் சென்டர் கொடுத்த சிடியின் படங்களைப் பார்க்கும் புரோகிராம் போன்றவை. இவற்றை 'அபூர்வம்' என்று தள்ளிவிடாதீர்கள்.

3. 'விஷுவல் சி பிளஸ் பிளஸ் ரீடிஸ்ட்ரிபியூட்டபிள்' என்ற பெயரில் நாலைந்து வரிகள் பட்டியலில் தெரியும். நீங்கள் இவற்றைத் திறந்திருக்கவே மாட்டீர்கள். ஆனால் மற்ற புரோகிராம்கள் இவற்றை நம்பித்தான் ஓடுகின்றன. டிரைவர்களும் அப்படியே. தொட வேண்டாம்.

4. நீக்கலாம் என்று முடிவு செய்த புரோகிராமைத் திறந்து, பைல் மெனுவில் 'சேவ் ஆஸ்' அல்லது 'ஓப்பன்' கொடுத்துப் பாருங்கள். எந்த போல்டர் திறக்கிறதோ, அங்கேதான் உங்கள் பைல்கள் பெரும்பாலும் இருக்கும். அந்த வசதி இல்லாத பழைய புரோகிராம் என்றால், அதன் போல்டரோடு வர்ச்சுவல் ஸ்டோரையும் பாருங்கள். இரண்டையும் பென் டிரைவில் காப்பி செய்துகொள்ளுங்கள்.

5. செட்டப் பைலும் சீரியல் எண்ணும் கையில் இருக்கிறதா என்று உறுதி செய்யுங்கள். இல்லாவிட்டால் நீக்க வேண்டாம்.

6. சந்தேகம் இருந்தால் புரோகிராமுக்கு விடுமுறை கொடுங்கள். டெஸ்க்டாப்பில் உள்ள ஷார்ட்கட்டை மட்டும் 'விடுமுறை' என்று ஒரு போல்டர் போட்டு அதில் நகர்த்திவிடுங்கள். யாராவது தேடுகிறார்களா என்று பாருங்கள். யாரும் தேடாமல் ஒரு வருடம் போனால் எடுத்துவிடலாம்.

7. நீக்குவதாக இருந்தால் 'இன்ஸ்டால்டு ஆப்ஸ்' பட்டியலில் இருந்து அன்இன்ஸ்டால் செய்யுங்கள். போல்டரை நேரடியாக அழிக்காதீர்கள். அன்இன்ஸ்டால் செய்த பிறகும் ஒரு போல்டர் மிச்சம் இருந்தால், அதில் இருப்பது உங்கள் டேட்டாவாக இருக்கலாம். திறந்து பார்க்காமல் கை வைக்க வேண்டாம்.

மொபைல் போனிலும் இதே கதைதான். ஆண்ட்ராய்டு போனில் பிளே ஸ்டோரில் 'மேனேஜ் ஆப்ஸ் அண்ட் டிவைஸ்' பகுதிக்குச் சென்று, 'லீஸ்ட் யூஸ்டு' என்று வரிசைப்படுத்தினால் குறைவாகப் பயன்படுத்தும் ஆப்கள் முதலில் வரும். ஐபோனில் 2017-ல் வந்த ஐஓஎஸ் 11 முதல், பயன்படுத்தாத ஆப்பை நீக்கினாலும் அதன் டேட்டாவை மட்டும் வைத்துக்கொள்ளும் 'ஆப்லோட்' வசதி இருக்கிறது. ஆப்பை மறுபடி போட்டால் விட்ட இடத்தில் தொடரலாம்.

சரி, வேகம் எதனால் குறைகிறது?

பயன்படுத்தாத புரோகிராம் டிஸ்க்கில் சும்மா கிடந்தால் இடத்தைத்தான் பிடிக்கும், வேகத்தைக் குறைக்காது. வேகத்தைக் குறைப்பவை, நாம் அழைக்காமலே கம்ப்யூட்டர் ஆனாகும்போது தாமாக ஓடத் தொடங்குபவை. டாஸ்க் மேனேஜரில் 'ஸ்டார்ட்அப் ஆப்ஸ்' பகுதியைத் திறந்து பாருங்கள். தேவையில்லாதவற்றை ரைட் கிளிக் செய்து 'டிஸேபிள்' கொடுங்கள். புரோகிராம் அப்படியே இருக்கும், தானாக ஓடாது. பிறகு வேண்டுமென்றால் 'எனேபிள்' செய்துகொள்ளலாம்.

சித்தப்பாவின் லேப்டாப்பிலும் அப்படித்தான் இருந்தது. மே மாதத்தில் அது வேகமானதற்குக் காரணம், தானாக ஓடிக்கொண்டிருந்த இரண்டு புரோகிராம்களை நான் எடுத்ததுதான். சி டிரைவை அடைத்திருந்தது டவுன்லோட்ஸ் போல்டரில் குவிந்திருந்த வீடியோக்கள். பிறகு அளவின்படி வரிசைப்படுத்திப் பார்த்தபோது, தோட்டக் கணக்கு புரோகிராமின் அளவு 6 எம்பி. போனில் எடுக்கும் ஒரு போட்டோவுக்கு அதைவிட அதிக இடம் தேவைப்படலாம்.

இப்போது ஒவ்வொரு சனிக்கிழமையும் கூலி கொடுத்து முடித்ததும், கணக்கு பைலைப் பென் டிரைவில் காப்பி செய்துவிடுகிறார் சித்தப்பா. சித்தி ஒரு நோட்டிலும் எழுதிவைக்கிறார். நீங்கள் இன்று உங்கள் கம்ப்யூட்டரைச் சுத்தம் செய்ய உட்கார்ந்தால், அந்தத் தாளில் நான்கு கட்டம் போடுவதிலிருந்து ஆரம்பியுங்கள். வீட்டில் எல்லோரும் இருக்கும் நேரமாகப் பார்த்து உட்காருங்கள்.